நூலகப் பணியாளரும் தொழிற்பயிற்சியும்: அம்பாறைக் கரையோரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

1

நூலகங்களின் வரலாற்றை எழுதுவோர் கட்டடங்களையும் நூற்றொகைகளையும் கொடையாளரின் பெயர்களையும் விரிவாகக் குறிப்பிடுவர். அந்நூல்களைப் பகுத்து, பட்டியலிட்டு, வாசகரின் கையிற் சேர்ப்பித்தோரின் உழைப்பைப் பற்றி அவ்வரலாறுகள் பெரும்பாலும் மௌனஞ் சாதிக்கின்றன. இம்மௌனம் தற்செயலானதன்று. நூலை உடைமையாகக் கருதும் சமூகம் நூலகரைக் காவலராகவே காணும். காவலுக்கு நேர்மை போதும், கல்வி வேண்டியதில்லை. நூலைச் சமூகப் பயன்பாட்டுக்குரிய சாதனமாகக் கருதத் தொடங்கும் சமூகமே நூலகருக்குப் பயிற்சி வேண்டுமென உணர்கின்றது. ஆதலின், ஒரு சமூகம் தன் நூலகப் பணியாளருக்கு எத்தகைய பயிற்சியை, எந்த மொழியில், எவ்விடத்தில் வழங்குகின்றது என்னும் வினா, அச்சமூகத்தில் அறிவு எவருக்கு உரியதாகக் கருதப்படுகின்றது என்னும் வினாவின் மறுவடிவமே எனலாம்.

இக்கட்டுரை அவ்வினாவை இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனையை மையமாகக் கொண்ட தமிழ் பேசும் முஸ்லிம் ஊர்களின் நிலையிலிருந்து எழுப்ப முயல்கின்றது. நூலகப் பயிற்சி பற்றிய நம் நாட்டு உரையாடல்கள் பொதுவாகத் தலைநகரிலிருந்து தொடங்கித் தலைநகரிலேயே முடிவடைகின்றன. விளிம்பிலிருந்து நோக்கும்போது, மையத்திற் புலப்படாத சில முரண்பாடுகள் புலப்படும். அவற்றை விளங்கிக்கொள்ளப் பயிற்சியின் தோற்றத்தைச் சுருக்கமாகவேனும் நோக்குதல் அவசியமாகும்.

2

நூலகர் தொழிலுக்கென முறையான கல்வி கைத்தொழில் முதலாளித்துவத்தின் வளர்ச்சியோடு தோன்றியது. 1876இல் தசாம்சப் பகுப்பு முறையை வெளியிட்ட மெல்வில் தூயி, 1887இல் நியூயோர்க் நகரின் கொலம்பியாக் கல்லூரியில் முதலாவது நூலகக் கல்லூரியைத் தொடங்கினார். முதல் வகுப்பிற் பயின்ற 20 பேரில் 17 பேர் பெண்கள். கல்லூரியின் பொறுப்பாளர்கள் பெண்களைச் சேர்ப்பதை விரும்பவில்லை. ஈராண்டுகளில் அக்கல்லூரி அல்பனி நகருக்கு இடம்பெயர நேர்ந்தது. பெண்களுக்கு ஒரு புதிய தொழில் திறந்துவிடப்பட்டமை முற்போக்கான நிகழ்ச்சியே. ஆயினும் அன்றைய அமெரிக்க நூலகங்கள் கல்வி கற்ற பெண்களை விரும்பி ஏற்றமைக்கு, அவர்கள் ஆண்களிலும் குறைந்த ஊதியத்துக்குக் கிடைத்தமையும் ஒரு காரணம் என்பதை மறத்தலாகாது. தகைமை உயர்ந்தும் ஊதியமும் மதிப்பும் உயராத தொழில் என்னும் முரண்பாடு நூலகத் தொழிலின் பிறப்பிலேயே அமைந்துவிட்டது. இன்றுவரை அது நீங்கவில்லை.

இதே நூலகங்களை வேறொரு கோணத்தில் நோக்கியவர் லெனின். 1913இல் எழுதிய சிறு கட்டுரையொன்றில் அவர் நியூயோர்க் பொது நூலகத்தை எடுத்துக்காட்டினார். அரிய ஏடுகளின் எண்ணிக்கையைக் கொண்டு ஒரு நூலகத்தின் பெருமையை அளவிடாது, எத்தனை நூல்கள் மக்களிடையே சுற்றோட்டத்தில் உள்ளன, எத்தனை சிறுவர் வாசகராயினர் என்பவற்றைக் கொண்டே அளவிடவேண்டும் என்பது அவரது வாதத்தின் சாரம். முதலாளித்துவ அமைப்பின் சாதனையொன்றை அவ்வமைப்பின் எதிரி பாராட்டியமை மனங்கொள்ளத்தக்கது.

தமிழுலகில் இச்சிந்தனைக்கு நிறுவன வடிவம் கொடுத்தவர் சீர்காழியிற் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன் (1892–1972). கணித ஆசிரியராகவிருந்த அவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக நியமனம் பெற்று, இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் நூலகவியற் பள்ளியிற் பயின்று திரும்பினார். 1928இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. 1929இல் அச்சங்கம் கோடை விடுமுறைப் பயிற்சி வகுப்பைத் தொடங்கியது. 1931இல் அவ்வகுப்பைப் பல்கலைக்கழகம் பொறுப்பேற்றது. அதே 1931இல் அவரது நூலகவியல் ஐந்து விதிகள் நூலாக வெளிவந்தது. மன்னார்குடிப் பகுதியிலோ கிராமங்களை நோக்கி மாட்டுவண்டி நூலகம் புறப்பட்டது. இந்நிகழ்ச்சிகளைத் தனித்தனியாக நோக்குதல் போதாது. கோட்பாடு, பயிற்சி, இயக்கம் ஆகிய மூன்றும் ஒரே காலத்தில், ஒன்றையொன்று ஊட்டி வளர்த்தன. அதன் விளைவே 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம். சொத்துவரியோடு இணைந்த நூலகவரி அச்சட்டத்தின் மூலம் நிலையான நிதிமூலமாயிற்று. பயிற்சி பெற்றவருக்கு வேலையும், வேலைக்குச் சட்டமும், சட்டத்துக்கு நிதியும் என்னும் சங்கிலி அங்கு உருவாயிற்று. அச்சங்கிலி பின்னர் பலவிடங்களில் தளர்ந்தது உண்மையாயினும், அது உருவாக்கப்பட்டது என்பதே வரலாற்று முக்கியத்துவம் உடையது.

3

இலங்கையின் நிலை வேறாகும். கொழும்பில் 1813இல் ஆங்கிலேய அதிகாரிகளுக்காக ஒரு நூலகம் தோன்றியது. 1824இல் கொழும்பு நூலகமும், 1829இல் புறக்கோட்டை நூலகமும் சந்தா செலுத்தக்கூடிய உயர்வர்க்கத்தினருக்காக அமைந்தன. இவற்றின் வழித்தோன்றலாகவே 1925இல் கொழும்புப் பொது நூலகம் உருவாயிற்று. யாழ்ப்பாணத்தில் தோற்றுவாய் சற்றே மாறுபட்டது. 1933இல் கே. எம். செல்லப்பா தம் இல்லத்திலேயே இலவசமாக நூல்களை இரவல் வழங்கத் தொடங்கினார். 1934இல் ஊரவர் குழு அமைந்தது. 1935இல் நகரசபை அதனைப் பொறுப்பேற்றது. 1950களில் அதன் புதிய அமைப்புக்கு ஆலோசனை வழங்க அரங்கநாதனே அழைக்கப்பட்டார். 1959இல் திறக்கப்பட்ட அக்கட்டடமும் ஏறத்தாழ 97,000 நூல்களும் 1981ஆம் ஆண்டு மே மாத இறுதி இரவில் எரியூட்டப்பட்டமை நாம் அறிந்ததே.

உள்ளூராட்சிச் சட்டங்கள் நூலகம் நடத்தும் அதிகாரத்தைச் சபைகளுக்கு வழங்கின. ஆயின் சென்னையிற் போன்று தனியான நூலகச் சட்டமும் தனியான நூலகவரியும் இங்குத் தோன்றவில்லை. வடிகாலுக்கும் தெருவிளக்குக்கும் சந்தைக்கும் ஒதுக்கியபின் எஞ்சுவதே நூலகத்துக்குரியதாயிற்று. நிலையான நிதியற்ற இடத்தில் நிலையான தொழிற்படிநிலையும் தோன்றுவதில்லை என்பது தெளிவு.

இப்பின்னணியிலேயே நூலகர் பயிற்சி தொடங்கியது. 1960இல் இலங்கை நூலகச் சங்கம் நிறுவப்பட்டு, அடுத்த ஆண்டே தொழிற்பயிற்சி வகுப்புகளை ஆரம்பித்தது. 1961இல் பேராதனையில் இலங்கைப் பல்கலைக்கழகம் பட்டதாரிகளுக்கான நூலகவியல் டிப்ளோமாவைத் தொடங்கியது. எனினும் அது நீண்டகாலம் நிலைக்கவில்லை. 1970களின் முற்பகுதியில் பின்னாளைய களனிப் பல்கலைக்கழகத்தில் நூலகவியல் தனித்துறையாயிற்று. 1970ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம் தேசிய நூலகச் சேவைகள் சபையை உருவாக்கியது. நூலகச் சங்கம் 1974இல் பாராளுமன்றச் சட்டத்தினால் கூட்டிணைக்கப்பட்டது. தேசிய நூலகத்தின் கட்டடம் 1990இலேயே திறக்கப்பட்டது. 1999இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு இணைந்ததாகத் தேசிய நூலக, தகவல் விஞ்ஞான நிறுவகம் அமைந்தது. பொதுக்கல்விச் சீர்திருத்தத்துக்கான உலகவங்கி உதவியும் ஆசிரிய நூலகர்களைப் பயிற்றும் தேவையும் இந்நிறுவகத்தின் தோற்றத்துக்குப் பின்னணியாகவிருந்தன.

இவ்வாண்டு வரிசையில் இரு போக்குகளை அவதானிக்கலாம். முதலாவது, சென்னையில் இயக்கம் பயிற்சியைப் பெற்றெடுத்தது. இங்கோ பயிற்சி, சான்றிதழ் வழங்கும் நிறுவனங்களின் பணியாக வளர்ந்தது. வாசகர் இயக்கமொன்றின் அழுத்தம் அதன் பின்னால் இருக்கவில்லை. இரண்டாவது, பேராதனை தவிர்ந்த ஏனையவை கொழும்பையும் அதன் சுற்றுப்புறத்தையுமே நிலைக்களனாகக் கொண்டன. தொடக்கத்தில் ஆங்கிலமே போதனாமொழியாக இருந்தது; சிங்களமும் தமிழும் பின்னரே இடம்பெற்றன. நூலகரென்னும் தொழிலாளர் குழாம் இதன் விளைவாக இரு படிகளாகப் பிளவுபட்டது. மேற்படியில், பட்டமும் ஆங்கிலமும் கொண்ட பல்கலைக்கழக, திணைக்கள நூலகர். கீழ்ப்படியில், உள்ளூராட்சி நூலகங்களிற் காலை முதல் இரவுவரை வாசகரை நேரில் எதிர்கொள்ளும் நூலக உதவியாளர். பயிற்சி முதற்படியினரின் தகைமையாகவும், இரண்டாம் படியினருக்கு எட்டாக்கனியாகவும் அமைந்தது.

4

இனி அம்பாறைக் கரையோரத்துக்கு வருவோம். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, பொத்துவில் என நீளும் முஸ்லிம் ஊர்களும், பாண்டிருப்பு, காரைதீவு, தம்பிலுவில், திருக்கோவில் போன்ற தமிழ் ஊர்களும் ஒரே மணற்றொடரில் ஒன்றையடுத்து ஒன்றாக அமைந்தவை. போடிமாரின் நெற்காணிகளும், மீன்பிடியும், மருதமுனையின் கைத்தறியும் இவ்வூர்களின் பொருளாதார அடித்தளம். மதம் வேறாயினும் மொழி ஒன்றே. ஆதலின் இங்குள்ள எந்த நூலகமும் தமிழ் நூலகமே.

இப்பிரதேசத்திற் கற்றோர் குழாம் தோன்றிய முறை கவனத்துக்குரியது. 1942இல் உலகப்போரின் உணவு நெருக்கடிக் காலத்தில், நெல்லுற்பத்தியைப் பெருக்கும் பொருட்டு உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்த ஏ. எம். ஏ. அஸீஸ், அவ்வாண்டிலேயே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தைத் தோற்றுவித்தார். காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகளுடன் அவருக்கு ஏற்பட்ட தொடர்பு, இக்கரையின் இரு சமூகங்களுக்கும் பொதுவான தமிழ்ப்பற்றின் சான்றாகும். 1940களின் தொடக்கத்தில் அட்டாளைச்சேனையில் ஆசிரியர் கலாசாலை அமைந்தது. இலவசக் கல்வியும் தாய்மொழிப் போதனையும் இவற்றோடு சேர்ந்து, வயற்காரரினதும் நெசவாளரினதும் பிள்ளைகளிலிருந்து தமிழ்மொழி மூல ஆசிரியர்களின் ஒரு தலைமுறையை உருவாக்கின.

அவ்வாசிரியர்களே எழுத்தாளர்களாகவும் பதிப்பாளர்களாகவும் வாசகர்களை ஒன்றுதிரட்டுவோராகவும் விளங்கினர். நீலாவணன் (1931–1975) கல்முனையில் எழுத்தாளர் சங்கத்தை இயக்கினார், மருதமுனையில் மருதூர்க்கொத்தன் சிறுகதை படைத்தார், எம். ஏ. நுஃமான் 1969–70இல் ‘கவிஞன்’ இதழை வெளியிட்டார். கல்முனையிலிருந்து நூல்களை வெளியிட்ட பதிப்பகத்தின் பெயர் ‘வாசகர் சங்கம்’ என்பது பொருள் பொதிந்தது. சென்னையில் அரங்கநாதனுக்கு வாய்த்த இயக்கத்தின் கரு இங்கும் இருந்தது. வாசகர் இருந்தனர், எழுத்தாளர் இருந்தனர், சபை நூலகங்களும் இருந்தன. இவற்றை இணைக்கவல்ல பயிற்சி பெற்ற நூலகர் குழாம் ஒன்று மட்டும் உருவாகவில்லை. ஆசிரியரைப் பயிற்றுவதற்கு அட்டாளைச்சேனையிற் கலாசாலை அமைந்தது. நூலகரைப் பயிற்றுவதற்கு அதற்கிணையான ஒன்று இக்கரையில் அமையவில்லை. எழுத்தறிவைப் பரப்பும் கட்டத்தோடு அரசின் கடமை முடிந்துவிட்டதெனவும், பெற்ற எழுத்தறிவைப் பேணுவது தனிமனிதரின் பொறுப்பெனவும் கருதிய கல்விக்கொள்கையின் விளைவு இது.

அரசியற் காரணிகளும் இதனோடு சேர்ந்தன. கல்லோயாத் திட்டத்தின் வளர்ச்சியையடுத்து, 1961இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை மாவட்டம் பிரிக்கப்பட்டபோது, அதன் தலைநகரம் கரையிலிருந்து விலகி, சிங்களம் பெரும்பான்மையாக வழங்கும் உள்நாட்டு நகரத்தில் அமைந்தது. 1956இன் மொழிச்சட்டத்துக்குப் பின்னர் நிருவாகத்தின் சுற்றறிக்கையும் கடிதப் போக்குவரத்தும் கரையோரத்து ஊழியருக்கு அந்நியமான மொழியில் வந்தன. கொழும்போ முந்நூறு கிலோமீற்றருக்கும் அப்பால் உள்ளது. வார இறுதி வகுப்பொன்றுக்காக இரவுப் பேருந்தில் அத்தூரத்தைக் கடந்து மீள்வதென்பது, மாதச் சம்பளத்தில் வாழும் நூலக உதவியாளருக்கு, அதிலும் குடும்பப் பொறுப்புள்ள பெண்களுக்கு, எத்தகைய சுமை என்பதை விளக்க வேண்டியதில்லை. 1983இலிருந்து 2009வரை நீடித்த யுத்தத்தில் அப்பயணம் சோதனைச் சாவடிகளினூடான பயணமாயிற்று. 2004 டிசம்பர் 26இன் கடற்கோள் அம்பாறை மாவட்டத்திற் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கவர்ந்தது. கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனைக் கரைகளில் வீடுகளோடு வீட்டு அலுமாரிகளிலிருந்த ஏடுகளும் சிறுசஞ்சிகைகளும் குடும்ப ஆவணங்களும் நீரோடு போயின. அவற்றுள் எவை இருந்தன என்பதை உரைக்கப் பிரதேசப் பட்டியலொன்று இருந்திருப்பின், இழப்பையேனும் நாம் அறிந்திருப்போம்.

5

பயிற்சி என்பதன் உள்ளடக்கம் யாது? இவ்வினாவுக்குக் கல்முனை நூலகமொன்றின் மேசையிலிருந்து விடை காண முயல்வோம்.

முதலாவது, பெயர் பற்றியது. ஆங்கிலேயப் பட்டியல் விதிகள் குடும்பப்பெயரை முதன்மையாகக் கொண்டு வளர்ந்தவை. தமிழரிடையே முதலெழுத்துக்குப் பின்வருவதே ஒருவரின் சொந்தப் பெயர். தமிழ் முஸ்லிம் பெயர்களில் இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. முகம்மது, முஹம்மத், மொஹமட் என ஒரே பெயர் மூன்று வடிவங்களில் அச்சேறுகின்றது. ஹமீது என்பது ஹகரத்தின்கீழ் அகரவரிசையின் இறுதியிலும், கமீது என்பது ககரத்தின்கீழும், அமீது என்பது அகரத்தின்கீழ்த் தொடக்கத்திலும் சென்று சேரும். ஓர் ஆசிரியரின் நூல்கள் மூன்று இடங்களிற் சிதறிவிடுகின்றன. வாசகர் ஒன்றைக் கண்டு ஏனையவற்றைக் காணாது திரும்புகின்றார். ஒரு வடிவத்தை நியமமாகக் கொண்டு, ஏனையவற்றிலிருந்து அதற்கு வழிகாட்டும் பதிவுகளை அமைத்தலே இதற்குரிய தீர்வு. இது பயிற்சியால் மட்டும் கைவரும் நுட்பம். பிழைவிடுவது ஊழியரின் குற்றமன்று. அவருக்கு அது கற்பிக்கப்படவில்லை.

இரண்டாவது, பகுப்புப் பற்றியது. தூயி தசாம்சப் பகுப்பின் சமய வகுப்பில் 220 முதல் 280வரையான பிரிவுகள் கிறித்தவத்துக்கு உரியன. உலகின் ஏனைய சமயங்களெல்லாம் 290இல் அடங்குகின்றன. இஸ்லாத்துக்கு உரியது 297 மட்டுமே. நிறுவப்பட்ட காலத்தின் மேலைத்தேய உலகநோக்கு அப்படியே எண்ணாக உறைந்துள்ளமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. குர்ஆன் விரிவுரை, ஹதீஸ், சட்டவியல், சூபிப் பாடல், பெருமானார் வரலாறு யாவும் ஓரெண்ணின்கீழ் நெருக்குண்டு, தசமப் புள்ளிக்குப் பின் நீண்ட எண்களாக விரிகின்றன. உள்ளூர்த் தேவைக்கேற்ப ஒரு சமயத்துக்கு முதன்மையளிக்கும் மாற்றேற்பாடுகளை அம்முறையே அனுமதிக்கின்றது. அவ்வனுமதியை அறிந்து பயன்படுத்துபவர் பயிற்சி பெற்ற நூலகர். நூலின் பின்பக்கத்தில் எவரோ அச்சிட்ட எண்ணை முதுகில் ஒட்டுபவர் பயிற்சி மறுக்கப்பட்ட நூலகர்.

மூன்றாவது, மரபு பற்றியது. கிஸ்ஸா, மசலா, நாமா, முனாஜாத்து, படைப்போர் என்பன தமிழ் முஸ்லிம்கள் வளர்த்த இலக்கிய வகைகள். 894.811 என்னும் தமிழிலக்கிய எண்ணின்கீழ் கவிதை, நாடகம், நாவல் என்னும் ஐரோப்பிய வகைகளுக்கு இடமுண்டு. இவற்றுக்கு இடத்தை நூலகரே தீர்மானிக்க வேண்டும். அரபுத்தமிழ் ஏடுகள் மேலுமொரு வினாவை எழுப்புகின்றன. மொழி தமிழ்; எழுத்து அரபு. அரபெழுத்தைக் கண்டதும் அவற்றைச் சமயநூலென ஒதுக்கும் நூலகம், தமிழிலக்கிய வரலாற்றின் ஒரு பகுதியைத் தமிழ் ஆய்வாளரின் பார்வையிலிருந்து மறைத்துவிடுகின்றது. பட்டியலில் இல்லாத நூல் ஆய்விலும் இல்லை. முஸ்லிம் தமிழ் இலக்கியம் நம் இலக்கிய வரலாறுகளிற் பின்னிணைப்பாகவே நீண்டகாலம் நின்றமைக்கு ஆய்வாளரின் மனச்சாய்வு மட்டுமன்றி, பட்டியலின் வெறுமையும் காரணமாகும்.

இம்மூன்று எடுத்துக்காட்டுகளும் ஓருண்மையை வலியுறுத்துகின்றன. தலைநகரில் ஒரு பொதுவான பாடத்திட்டத்தைத் தயாரித்துத் தமிழில் மொழிபெயர்த்து வழங்குவதாற் கல்முனையின் தேவை நிறைவேறாது. தமிழ்மொழி மூலம் என்பது போதனை ஊடகம் பற்றிய வினா மட்டுமன்று. பாடத்தின் பொருளே தமிழ்ப் பண்பாட்டின் நூற்செல்வத்திலிருந்து கட்டியெழுப்பப்படவேண்டும் என்பதாகும். யாழ்ப்பாணத்தில் 1980களில் என். செல்வராஜா ‘நூலகவியல்’ என்னும் தமிழ்ச் சஞ்சிகையை நடத்தியமை இத்திசையிலான ஆக்கபூர்வமான முயற்சி. தமிழிலேயே கலைச்சொல்லாக்கி, தமிழிலேயே தொழில்நுட்பம் பேசலாம் என்பதை அது நிறுவியது. ஆயினும் தனியொருவரின் முயற்சியை நம்பி ஒரு தொழிற்றுறை நிலைத்தல் அரிது.

6

பயிற்சியின்மைக்குப் பொருளியல் அடிப்படையும் உண்டு. அரச கணக்கியலில் நூல், மேசை நாற்காலிபோல் ஓர் இருப்புப் பொருள். ஆண்டுக் கணக்கெடுப்பிற் குறையும் நூலுக்கு நூலகர் பொறுப்புக் கூறவேண்டும். எனவே நூலைப் பூட்டிவைப்பவருக்கு இடரில்லை; இரவல் வழங்குபவருக்கே இடர். பயன்பாட்டுக்குரியதே நூல் என்னும் அரங்கநாதனின் முதல் விதிக்கு நேரெதிரான விதியை நிருவாகம் நடைமுறையில் விதித்துவிடுகின்றது. அரசாங்க ஊழியரின் தடைதாண்டற் பரீட்சைகளிற் பொதுவாக வற்புறுத்தப்படுவன தாபன விதிக்கோவையும் நிதிப்பிரமாணங்களும் அலுவலக நடைமுறையுமே. இச்சூழலிற் சொந்தப் பணத்திலும் விடுமுறையிலும் நூலகவியல் கற்கும் ஊழியர் எதற்காகக் கற்கின்றார்? பதவியுயர்வோடும் சம்பளப்படியோடும் இணையாத பயிற்சி, தனிமனித ஆர்வமாகவே எஞ்சும். ஆர்வத்தை நம்பி நடத்தப்படும் பொதுச்சேவை, ஆர்வமுள்ளவரைச் சுரண்டும் சேவையாகும்.

அண்மைக்காலத்தில் ‘தொடர்ச்சியான வாண்மை விருத்தி’ என்னும் தொடர் பெருவழக்காகியுள்ளது. ஒருநாட் செயலமர்வும் சான்றிதழும் அதன் அடையாளங்கள். ஊழியர் தம்மைத் தாமே இடையறாது புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்னும் அறிவுரை, புதுப்பித்தலுக்கான நேரத்தையும் செலவையும் ஏற்கவேண்டிய நிறுவனத்தின் கடமையை மெல்ல மறைத்துவிடுகின்றது. கணினிப் பட்டியலும் எண்ணிம ஆவணப்படுத்தலும் வந்துள்ள இக்காலத்தில் பயிற்சியின் தேவை குறையவில்லை, பெருகியுள்ளது. 2005இலிருந்து இயங்கும் ‘நூலகம்’ எண்ணிமத் திட்டம் ஈழத்துத் தமிழ் ஆவணங்களைப் பெருந்தொகையில் இணையத்தில் ஏற்றியுள்ளது. ஆயினும் ஆசிரியர் பெயரும் பொருட்டலைப்பும் ஒழுங்காகப் பதியப்படாவிடின், எண்ணிமக் களஞ்சியமும் பூட்டிய அலுமாரிபோன்றதே. முகம்மது, முஹம்மத் என்னும் சிக்கலைக் கணினி தானாகத் தீர்த்துவிடுவதில்லை. அறிந்த நூலகரே தீர்க்கின்றார்.

இன்று இக்கரையில் ஒரு புதிய வாய்ப்பு உண்டு. யுத்தச் சூழலில் ஏனைய வளாகங்களிலிருந்து இடம்பெயர்ந்த முஸ்லிம் மாணவரின் தேவையை முன்னிட்டு, 1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி உருவாகி, அடுத்த ஆண்டே பல்கலைக்கழகமாயிற்று. ஒலுவிலில் அமைந்துள்ள அதன் நூலகம், கரையோரச் சபை நூலகங்களுக்கும் பாடசாலை நூலகங்களுக்கும் ஒருமணிநேரப் பேருந்துப் பயணத்துள் அமைந்த பயிற்சிக்களமாகத் தக்கது. 1940களில் அட்டாளைச்சேனைக் கலாசாலை ஆசிரியருக்குச் செய்ததை, இன்று ஒலுவில் நூலகருக்குச் செய்யலாம்.

அதற்குரிய நிபந்தனைகள் தெளிவானவை. பயிற்சிக்காலம் சம்பளத்துடனான கடமைக்காலமாகக் கொள்ளப்படல் வேண்டும். பெறும் தகைமை மாகாண சேவையின் ஆட்சேர்ப்பிலும் பதவியுயர்விலும் ஏற்கப்படல் வேண்டும். பாடத்தின் செய்முறைப் பகுதியாக, ஒவ்வொரு பயிலுநரும் தம் ஊரின் ஏடுகளையும் சிறுசஞ்சிகைகளையும் அரபுத்தமிழ்ப் பிரதிகளையும் பட்டியலிடல் வேண்டும். அவ்வாறாயின் பயிற்சியின் விளைவாகவே பிரதேச நூற்பட்டியலொன்று உருவாகும். முஸ்லிம் ஊர்களின் நூலகரும் தமிழ் ஊர்களின் நூலகரும் ஒரே வகுப்பில் அமர்தல், மூன்று தசாப்தகால வன்செயல்கள் பிரித்துவைத்த இரு சமூகங்களுக்கு, மொழியின் பொதுமையை உணர்த்தும் சிறியதேனும் உறுதியானதொரு நடைமுறையாகும்.

இவை கொடையாளரின் கருணையால் நிறைவேறுவனவல்ல. கட்டடத்துக்குக் கல் நாட்டுதல் அரசியல்வாதிக்குப் புகழ் தரும். பட்டியல் விதி கற்பித்தல் எவருக்கும் புகழ் தருவதில்லை. நூலக ஊழியரின் தொழிற்சங்கங்களும், ஆசிரியரும், எழுத்தாளரும், வாசகரும் ஒன்றிணைந்து கோரும்போதே அவை சாத்தியமாகும். யாழ்ப்பாணத்து நெருப்பையும் கல்முனைக் கரையின் கடலையும் கண்ட சமூகம், நூலகத்தைக் கட்டடமாக மட்டும் கருதமுடியாது. கட்டடத்தை மீண்டும் எழுப்பலாம். நூல்களிற் பலவற்றை மீண்டும் தேடிச் சேர்க்கலாம். எவை இருந்தன, அவை எங்குள்ளன, எவருக்கு வேண்டியவை என்பதை அறிந்த உழைப்பாளரை ஆண்டுக்கணக்கிற் பயிற்றியே உருவாக்க வேண்டும். அப்பணி அம்பாறைக் கரையோரத்தில் இன்னும் தொடங்கவேண்டிய நிலையிலேயே உள்ளது.